குன்சும் கணவாய் வழியே: காஜாவிலிருந்து மணாலிக்கு நாலைந்து ஜீப்களாகப் போவது எப்படி

ஹிமாச்சலின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலுள்ள காஜாவிலிருந்து மணாலி ஏறக்குறைய 200 கி.மீ. காகிதத்தில் அது தேசிய நெடுஞ்சாலை 505. லோசர் வரையிலான முதல் 58 கி.மீ. பெரும்பாலும் சுகமாகவே போய்விடும். அங்கிருந்து 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாய் ஏறி இறங்கி, பாத்தல் பாலம் தாண்டியதும் பெயரில் மட்டும்தான் நெடுஞ்சாலை. பாத்தல், சோட்டா தாரா, சத்ரூ, கிராம்ஃபூ என்று சந்திரா ஆற்றை ஒட்டிப் போகும் அந்த 50 கி.மீ. உருட்டுக்கல், பாறை, வழியை அறுத்துக்கொண்டு ஓடும் பனிநீர் ஓடைகள். அங்குள்ளவர்கள் அந்த ஓடைகளை நாலா என்பார்கள். நாலைந்து வண்டிகளாகப் போனால் இந்த 50 கி.மீ.க்கு நாலரை முதல் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) இருந்தால்தான் இங்கே போகமுடியும் என்பதில்லை. கோடையில் ஹிமாச்சல் அரசுப் பேருந்தே இந்த வழியில் ஓடுகிறது. உள்ளூர் டாக்சிக்காரர்கள் ஆல்டோவில் போகிறார்கள். அவர்களுக்கு எந்த நாலா எந்த நேரத்தில் பெருகும் என்று தெரியும், நமக்குத் தெரியாது, வித்தியாசம் அதுதான். மாட்டிக்கொள்ளும் குழுக்களில் பெரும்பாலானவை வண்டியின் பலம் போதாமல் மாட்டுவதில்லை, மதியம் மூன்று மணிக்கு நாலாவுக்கு முன் போய் நிற்பதால்தான் மாட்டுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி கடிகாரத்தைப் பற்றியது.

எந்தத் திசை, எந்த மாதம்

மணாலியிலிருந்து நேராகக் காஜாவுக்குப் போகாதீர்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர், வழியிலுள்ள சந்திரதால் ஏரி ஏறக்குறைய 4,250. ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறி, அன்றிரவு அங்கேயே தூங்கினால் குழுவில் ஒருவராவது தலைவலியும் வாந்தியுமாகப் படுப்பது ஏறக்குறைய உறுதி. சிம்லாவில் தொடங்கி கின்னோர் வழியாகச் சுற்றி வாருங்கள். சராஹனில் ஓர் இரவு, கல்பாவில் (2,960 மீ.) ஓர் இரவு, தாபோவில் (3,280 மீ.) ஓர் இரவு, காஜாவில் இரண்டு இரவு, பிறகு சந்திரதால். உடம்பு படிப்படியாகப் பழகும். இன்னொரு லாபமும் உண்டு: மோசமான 50 கி.மீ. கடைசி நாளில், அதுவும் அதிகாலையில் வரும்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வண்டியை ஓட்டிக்கொண்டே வருகிறவர்கள் டெல்லி தாண்டி ஒரு முழு நாள் ஓய்வெடுத்துவிட்டு மலை ஏறுங்கள். மூன்று நாள் நெடுஞ்சாலை ஓட்டிய அலுப்போடு கின்னோரின் ஒற்றை வண்டிப் பாதையில் ஏறுவது நல்லதல்ல.

குன்சும் வழக்கமாக ஜூனில் திறந்து அக்டோபரில் மூடும். ஜூனில் பனி உருகும் வேகத்தில் நாலாக்கள் முழு வீச்சில் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம்; ஸ்பிதிக்குள் மழை குறைவு என்றாலும் அங்கே போய்ச் சேரும் கின்னோர் சாலையும் திரும்பும் மணாலிச் சாலையும் சரியும். 2023 ஜூலையில் பனிப்பொழிவில் வழி அடைபட்டு, சந்திரதாலில் முந்நூறு பேர் அளவுக்குப் பல நாள் சிக்கிக் கிடந்தார்கள். எங்கள் தேர்வு செப்டம்பர் இரண்டாம் பாதி. தண்ணீர் குறைந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், அவ்வளவுதான். எந்த மாதம் போனாலும் கைவசம் இரண்டு நாள் உபரி வேண்டும். திங்கட்கிழமை அலுவலகம் போயாக வேண்டும் என்பவர்தான் பெருகிய நாலாவில் வண்டியை இறக்குவார்.

வண்டிகள்

நான்கு முதல் ஆறு வண்டி போதும். ஆறுக்கு மேல் போனால் ஒவ்வொரு நாலாவிலும் அரைமணி கூடும், காலையில் சேமித்த நேரமெல்லாம் கரைந்துவிடும். மாருதி ஜிம்னியின் தரை இடைவெளி 210 மி.மீ., மஹிந்திரா தாரின் இடைவெளி 226 மி.மீ.; இரண்டுமே இந்தப் பாதைக்குத் தாராளம். ஜிம்னி எடை குறைவு, அதனால் இழுத்தெடுப்பது எளிது. ஆனால் அதன் எஞ்சினில் டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) இல்லை. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்ற கணக்கில், குன்சும் உச்சியில் ஏறக்குறைய நாற்பது சதவீத பலம் போயிருக்கும். கொண்டையூசி வளைவில் முதல் கியரிலும் திணறினால் கிளட்சைத் தேய்க்காமல் லோ ரேஞ்சுக்கு (ஃபோர்-லோ: நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவிசையோடு சுழலும் நிலை) மாறுங்கள். அது அதற்காகத்தான் இருக்கிறது. தரை மண்ணோ கல்லோவாக இருக்கும்வரை இது சரி. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர்-லோவில் வளைத்து ஓட்டினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், நெம்புகோல் வெளியே வராது. அப்படி இறுகிப்போனால் நேராகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், விட்டுவிடும்.

புறப்படுமுன் ஒர்க்‌ஷாப்பில் பார்க்க வேண்டியவை வழக்கமானவைதான்: பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ்கள், சி.வி. ஜாயின்டின் ரப்பர் உறை. மூன்று வயது தாண்டிய பேட்டரியை மாற்றிவிடுங்கள். பூஜ்ஜியக் குளிரில் அது விடிகாலையில்தான் காலை வாரும். இந்த சர்வீஸை பயணத்துக்கு முந்தின நாள் செய்யாதீர்கள். ஆயிரம் கி.மீ. ஓட்டிப் பார்க்க அவகாசம் இருக்கும்படி செய்தால், மெக்கானிக் முடுக்க மறந்த போல்ட் ஊரிலேயே தெரிந்துவிடும். டயரில் குறைந்தது 5 மி.மீ. பட்டை இருக்கட்டும். முடிந்தால் ஆல்-டெரெய்ன் டயர். இங்கே டயர் சாவது பெரும்பாலும் பக்கச்சுவர் கிழிந்துதான், அந்த வகை டயரில் பக்கச்சுவர் தடிமன். இரும்பு புல்பார் (பம்பருக்கு முன்னால் மாட்டும் தடுப்புக் கம்பி) மாட்டாதீர்கள். அது சட்டவிரோதம், போதாததற்கு முன்பக்கத்தில் எடையையும் ஏற்றுகிறது.

சாமான்களை வண்டிக்கு ஒன்றாக வாங்காமல் குழுவுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். நான்கு வண்டிக்கு: 22 மி.மீ. தடிமன், 9 மீட்டர் நீளமுள்ள கைனடிக் கயிறு (இழுத்தால் நீள்வது) ஒன்று. நீளாத பாலியெஸ்டர் பட்டை இரண்டு. நான்கே முக்கால் டன் என்று பொறித்த வில் ஷேக்கிள் (கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையம்) நான்கு, சாஃப்ட் ஷேக்கிள் நான்கு. மண்வெட்டி இரண்டு, டயருக்கடியில் வைக்கும் டிராக்‌ஷன் பலகை இரண்டு ஜோடி. நேரடியாக பேட்டரியில் மாட்டும் கம்ப்ரசர் இரண்டு. சிகரெட் லைட்டரில் மாட்டுவது நாலு டயர் நிரப்புவதற்குள் சூடாகி நின்றுவிடும். பஞ்சர் கிட் இரண்டு, தாராளமாக இருபது திரியோடு. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடி சதுரப் பலகை, இல்லாவிட்டால் ஜாக்கி கற்களுக்கிடையே புதையும். ஜம்பர் கேபிள், இடுப்பில் கட்டும் கயிறு, தடித்த கையுறை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி. எஞ்சின் ஆயில் 4 லிட்டர், கூலன்ட் 2 லிட்டர், பிரேக் ஆயில் அரை லிட்டர். அப்புறம் எம்-சீல், துணி சோப்புக்கட்டி, கட்டுக்கம்பி, ஹோஸ் கிளாம்ப்.

சோப்புக்கட்டி எதற்கு என்றால், கல் அடித்து பெட்ரோல் டேங்க்கில் மயிரிழைக் கீறல் விழுந்தால் எம்-சீல் ஈரத்தில் ஒட்டாது. முதலில் சோப்பை அழுத்தித் தேய்த்துக் கசிவை நிறுத்திவிட்டு, துடைத்து, அதன்மேல் எம்-சீல் பூச வேண்டும். குளிரில் அது இறுகவும் நேரமாகும். பிசையும்போது உள்ளங்கைச் சூட்டில் நன்றாகப் பிசையுங்கள், பூசியபின் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

வின்ச் (கேபிளைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மோட்டார்) இருப்பவர்களுக்கு ஒரு சொல். ஸ்பிதியிலும் பாத்தல் பக்கத்திலும் மரம் கிடையாது. கேபிளைக் கட்ட இன்னொரு வண்டி அல்லது அசையாத பாறை, இரண்டே வழி. பாறைக்கு என்றால் சுற்றிக்கட்ட உராய்வைத் தாங்கும் சங்கிலியோ தடித்த ஸ்லிங்கோ கொண்டுவாருங்கள்.

எரிபொருளைப் பொறுத்தவரை காஜாவில் டேங்க்கை நிரப்பிவிட்டால் மணாலிவரை போதும். அங்குள்ள இந்தியன் ஆயில் பம்ப் சுமார் 3,740 மீட்டரில் இருக்கிறது. ஊருக்குள் வந்த மாலையே நிரப்புங்கள். புறப்படும் காலையில் கரண்ட் இல்லை என்பார்கள், அல்லது வரிசை நிற்கும். கையில் ரொக்கம் இருக்கட்டும். குழுவுக்குப் பொதுவாக 20 லிட்டர் இரும்பு கேன் ஒன்று போதும். தாழ்வான ஊரில் நிரப்பிய கேன் மேலே வரும்போது உள்ளழுத்தம் ஏறி உப்பியிருக்கும், மூடியை மெல்ல மெல்லத் திருகுங்கள்.

யார் முன்னால், யார் பின்னால்

வரிசையைப் புறப்படும் அன்று காலையில் பேசாதீர்கள், முதல்நாள் இரவே முடிவு செய்யுங்கள். முதல் வண்டியில் வழி படிக்கத் தெரிந்தவர். இரண்டாவதில் குழுவிலேயே அனுபவம் குறைந்தவர். முன்னால் போகிறவரின் டயர்த் தடத்தை அப்படியே பின்பற்றலாம், பின்னால் இருப்பவர்களும் அவரைப் பார்த்துக்கொள்ளலாம். புதியவரைக் கடைசியில் விடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அவர் நின்றுபோனது அடுத்த தேநீர்க்கடையில்தான் தெரியவரும். கடைசி வண்டி அனுபவசாலியுடையது, கைனடிக் கயிறும் கருவிப்பெட்டியும் அதில் இருக்க வேண்டும். மண்வெட்டியும் பட்டையும் முதல் வண்டியில்.

தடத்தில் ஒரே ஒரு விதி: உங்கள் பின்வண்டி கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், அப்படியும் தெரியாவிட்டால் நில்லுங்கள். இதை ஒவ்வொருவரும் செய்தால் நிற்கும் செய்தி தானாகவே முதல் வண்டிவரை போய்ச்சேரும். சந்திரதால் பிரிவு போன்ற கிளைகளில், பின்வண்டிக்காரர் நீங்கள் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் நகர வேண்டும்.

கோக்சர் பக்கம் வரும்வரை கைபேசி சிக்னலை நம்பமுடியாது, ஆகவே வாக்கிடாக்கி அவசியம். உரிமம் வேண்டாத 446 மெகாஹெர்ட்ஸ் வகையே போதும். வளைவுகளுக்கிடையே ஒன்றிரண்டு கி.மீ. எட்டும். சாட்டிலைட் போனையும் சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் கருவிகளையும் அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் இந்தியாவில் பறிமுதலும் வழக்கும் வரும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாக்கிடாக்கியில் பாட்டு, அரட்டை வேண்டாம். "எதுக்க லாரி, ரெண்டு வண்டி", "மூணாம் வண்டி தாண்டியாச்சு, நாலு வரலாம்" என்று சுருக்கமாக. எதிர்வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர் அகலமான இடம்வரை பின்வாங்க வேண்டும். நீங்கள் நான்கு வண்டியாக இறங்கிக்கொண்டிருந்தாலும் இதுவே. கடைசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் எடுங்கள்.

டயரில் எவ்வளவு காற்று

சமவெளியில் குளிர்ந்த டயரில் 32 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு வருகிறீர்கள் என்றால், காஜா உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி 5 பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்ட வேண்டும். குளிர் அதில் இரண்டு மூன்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஆகவே பழைய கணக்கை நம்பாமல் காஜாவில் காலையில் அளந்து சரிசெய்யுங்கள். லோசர் தாண்டியதும் 25, 26-க்கு இறக்கினால் உருட்டுக்கல்லில் பிடிமானம் வரும், முதுகும் பிழைக்கும். யூடியூப் பார்த்துவிட்டு 18-க்கு இறக்காதீர்கள். அது மணலுக்கான அழுத்தம். கூரான கல் நிறைந்த பாதையில் அந்த அழுத்தத்தில் டயர் பக்கவாட்டில் பிதுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கிக் கிழியும். திரி போட்டு அடைக்கக்கூடியது பட்டைப்பகுதி ஓட்டையை மட்டும். பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னிதான். கிராம்ஃபூவுக்குக் கீழே நல்ல சாலை வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமெடுத்தால் டயர் சூடேறிப் பிளக்கும்.

நாலா

சந்திரதாலில் தங்கிய மறுநாள், வெளிச்சம் கண்டதும் புறப்பட வேண்டும். செப்டம்பரில் அது ஆறு மணி. ஏழே காலுக்குப் பாத்தல், எட்டே முக்காலுக்குச் சோட்டா தாரா, பத்தரைக்குச் சத்ரூ, பன்னிரண்டு வாக்கில் கிராம்ஃபூ. ஏன் இந்த அவசரம்? மேலே பனியாறுகளில் வெயில் விழுவது ஒன்பது பத்து மணிக்கு. உருகிய நீர் சரிவிறங்கி சாலைக்கு வரச் சில மணி நேரமாகும். மூன்றிலிருந்து ஆறு மணிவரை உச்சம். இரவில் மேலே உறைந்துவிடுவதால் விடிகாலையில் குறைவு. காலையில் டயரின் பாதியைத் தொடாத ஓடை மாலையில் பானெட்டைத் தொடும். முந்தைய நாள் நல்ல வெயில் என்றால் தண்ணீர் கூடுதல், மேகமும் குளிருமாக இருந்தால் குறைவு. மேலே மழை பெய்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

மாலையில் தாமதமாகிவிட்டதென்றால் விடை சுலபம்: கடக்காதீர்கள். பாத்தலிலும் சத்ரூவிலும் தாபாக்களில் படுக்கை கிடைக்கும். நாலாவுக்கும் நாலாவுக்கும் இடையே மாட்டினால் வண்டியிலேயே இரவைக் கழிக்கும் அளவுக்கு ஒவ்வொரு வண்டியிலும் கம்பளி, தண்ணீர், ஒருநாள் சாப்பாடு இருக்கட்டும்.

நாலாவுக்கு முன் எல்லா வண்டியும் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கட்டும். முதல் வண்டிக்காரர் இறங்கி ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். எங்கே தண்ணீர் அகலமாகப் பரந்து ஓடுகிறதோ அங்கே ஆழம் குறைவு. குறுகி வேகமெடுக்கும் இடம் ஆழமானது. வழவழவென்று நுரையில்லாமல் ஓடும் இடத்தில் பள்ளம் இருக்கும். சலசலத்து நுரைக்கும் இடத்தில் கல் மேலாக இருக்கும். நேற்று வந்தவர் சொன்ன தடத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு மாலையும் தண்ணீர் கற்களை உருட்டித் தரையை மாற்றிப் போட்டுவிடும். உள்ளூர் சுமோ ஒன்று வந்தால் அதற்கு வழிவிட்டு, எந்தக் கோட்டில் போகிறது என்று பாருங்கள். அதைவிட நல்ல பாடம் இல்லை. பேருந்தின் கோடு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், அதன் சக்கரம் பெரிது.

ஆழம் சந்தேகமாக இருந்தால் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் கம்பால் துழாவிப் பார்க்கலாம், இடுப்பில் கயிறு கட்டி, கரையில் இருவர் பிடித்துக்கொண்டு. முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் ஆள் இறங்கக்கூடாது. ஆள் நடக்கமுடியாத இடத்தில் வண்டியையும் இறக்காதீர்கள். சக்கரத்தின் மையம்வரை தண்ணீர் என்றால் கவலையில்லை. பம்பரின் அடிவிளிம்பைத் தொட்டால் யோசிக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் காத்திருங்கள். மஹிந்திரா தார் 650 மி.மீ. ஆழம்வரை போகும் என்று எழுதியிருக்கிறதே என்றால், அது ஓடாத தண்ணீருக்கான கணக்கு. வேகமான ஓட்டத்தில் தண்ணீர் வரும் பக்கம் நீர் கதவில் ஏறி, வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்.

கடக்கும் முறை: ஃபோர்-லோ, இரண்டாம் கியர். ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். பள்ளத்தாக்குப் பக்கம் விளிம்பு அரித்திருக்கும் என்பதால் தண்ணீர் வரும் பக்கமாகவே ஒதுங்கிப் போங்கள். நடக்கும் வேகத்தில் நுழைந்து, அதே வேகத்தில் கரையேறுங்கள். வேகமாகப் பாய்ந்தால் படம் நன்றாக வரும், கூடவே தண்ணீர் ஏர் ஃபில்டர்வரை வரும். நடுவில் கிளட்சைத் தொடாதீர்கள், கியர் மாற்றாதீர்கள். சக்கரம் சுழன்று வண்டி நகராவிட்டால் உடனே ஆக்சிலேட்டரை விடுங்கள். இரண்டு வினாடி சுழற்றினால் டயருக்குக் கீழே உள்ள சிறுகற்கள் பறந்து, பெரிய கல் அச்சில் வந்து உட்காரும்; பிறகு இழுத்தாலும் வராது.

சந்தேகமான நாலாவில் வண்டி இறங்கும் முன்பே பட்டையை முன் கொக்கியில் மாட்டி, மறுமுனையைப் பானெட்டின்மேல் போட்டுக் கண்ணாடித் தண்டில் லேசாகச் சுற்றிவிடுங்கள். நடுவில் நின்றால் பனிநீரில் கைவிட்டுக் கொக்கியைத் தேடும் வேலை மிச்சம். இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துப்போகும் தண்ணீர் அது. முதல் வண்டி கரையேறி, திரும்பி நின்று, இழுக்கத் தயாரானபிறகே இரண்டாவது இறங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வண்டி. வழிகாட்டிக் கைகாட்டுபவர் அக்கரையில் ஒரே ஒருவர். மற்றவர்கள் வாயையும் கையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கம் காட்டினால் ஓட்டுபவர் யாரைத்தான் பார்ப்பார்?

தண்ணீர் நடுவில் எஞ்சின் அணைந்தால் சாவியைத் திருப்பும் முன் யோசியுங்கள். தண்ணீர் ஏர் இன்டேக் மட்டத்துக்குக் கீழே இருந்து, கிளட்ச் பிசகால் அணைந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யலாம். இல்லையென்றால் இழுத்து வெளியே எடுத்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் தண்டு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே அடுத்த முயற்சி. கரையேறியதும் முதல் நூறு மீட்டர் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஓட்டிக் காயவையுங்கள். செப்டம்பர் கடைசியில் விடிகாலை நாலா ஓரங்களில் கண்ணாடிபோல மெல்லிய பனிக்கட்டி இருக்கும். கரையேறும் இடத்தில்தான் வழுக்கும்.

மாட்டினால் இழுப்பது

முதலில் மண்வெட்டி, அதற்குப் பிறகுதான் கயிறு. டயருக்கு முன்னால் இருக்கும் கல்லை அகற்றி, பள்ளத்தில் கல் நிரப்பி, டிராக்‌ஷன் பலகையைச் செருகினாலே பாதி வண்டிகள் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால், கயிற்றை மாட்டும் இடம் சேஸிஸில் போல்ட் செய்த இழுவைக் கொக்கி மட்டும்தான். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் பின்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு ஆளைக் கொல்லும். உலகம் முழுக்க இப்படி உயிர் போயிருக்கிறது.

கைனடிக் கயிறு நைலான், முப்பது சதவீதம்வரை நீளும். அந்த நீட்சியே மாட்டிய வண்டியைப் பிடுங்கி எடுக்கிறது. நீளாத பட்டையால் அதேபோல வெடுக்கென்று இழுத்தால் கொக்கி பிய்யும். பட்டை மெதுவாக இழுப்பதற்கு மட்டும். கைனடிக் கயிற்றை இரண்டு வண்டிக்கும் இடையே ஒரு மீட்டர் தளர்வு விட்டு வளைவாகப் போடுங்கள். நடுவில் ஈரப் போர்வையைப் போட்டுவிடுங்கள். அறுந்தால் கயிறு பறக்காமல் கீழே விழும். வில் ஷேக்கிளின் முள்ளை முழுக்க முடுக்கி, கால் சுற்று தளர்த்துங்கள், இல்லையென்றால் இழுவைக்குப் பிறகு கழற்ற வராது. ஓட்டுபவர்கள் இருவரைத் தவிர யாரும் கயிற்று நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் இருக்கக்கூடாது. வீடியோ எடுப்பவரையும் சேர்த்துத்தான். இழுக்கும் வண்டி ஃபோர்-லோவில் பத்து கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம். மாட்டிய வண்டியும் அதே நேரத்தில் மெல்ல ஆக்சிலேட்டர் கொடுக்கட்டும். இரண்டு மூன்று முறைக்குப் பின்னும் அசையாவிட்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள், மண்வெட்டிக்குத் திரும்புங்கள்.

உடம்பு

மூவாயிரம் மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பாதுகாப்பு. காஜாவிலிருந்து சந்திரதால் ஏற்றம் அந்த எல்லையில்தான் இருக்கிறது, அதனால்தான் காஜாவில் இரண்டு இரவு. உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரை, 125 மி.கி. காலை மாலை என்பது வழக்கமான அளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் இருப்பார்கள், ஆகவே ஊரில் மருத்துவரைக் கேட்ட பிறகே. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். ஆளைப் பாருங்கள். தலைவலி மட்டும் என்றால் ஓய்வு, தண்ணீர், மேலே ஏறாமை. குதிகாலையும் விரலையும் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லித் தடுமாறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோப்பது. இரவானாலும் கீழே இறக்க வேண்டும். சந்திரதாலிலிருந்து குன்சும் ஏறிக் காஜாவுக்குப் போவதா, நாலாக்களைத் தாண்டி மணாலிக்குப் போவதா என்ற கேள்வி அப்போது எழும். இரண்டுமே இரவில் மோசம். அதனால் லோசரில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் குன்சும் ஏறாமல் அங்கிருந்தே காஜாவுக்குத் திரும்பிவிடுங்கள். காஜாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. லோசர் சோதனைச் சாவடியில் பெயர்களைப் பதிவதும் இதற்காகவே, சலித்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அரிசி கொண்டுபோகிறவர்கள் பிரஷர் குக்கரும் எடுத்துவாருங்கள். சந்திரதால் உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு விறைத்தே இருக்கும், பருப்பு வேகவே வேகாது.

சந்திரதாலில்

பாத்தலுக்குச் சற்று முன் பிரியும் பன்னிரண்டு கி.மீ. ஒற்றைத்தடம். ஒதுங்க இடம் குறைவு, ஒருபுறம் செங்குத்தான சரிவு. மதியம் ஒன்றிரண்டுக்குள் போய்ச்சேரும்படி காஜாவில் ஏழு மணிக்கே கிளம்புங்கள். ஏரி 2005 முதல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) இருக்கிறது; கரையில் கூடாரம் போடக்கூடாது, முகாம்கள் சில கி.மீ. முன்பே இருக்கின்றன. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடந்துதான் போக வேண்டும். புல்வெளியில் ஒருமுறை டயர் ஏறினால் அந்தக் குளிரில் புல் மறுபடி வளரப் பல ஆண்டுகளாகும். சாலையில் குறுக்கே வரும் நாலாவைக் கடப்பது வேறு, படத்துக்காக ஆற்றில் இறங்குவது வேறு: 2023 டிசம்பரில் சந்திரா ஆற்றுக்குள் வண்டி ஓட்டியவருக்கு லாஹௌல்-ஸ்பிதி காவல்துறை அபராதம் போட்டது.

கிராம்ஃபூவுக்குப் பிறகு

கிராம்ஃபூவில் மேலே ஏறினால் ரோஹ்தாங் கணவாய், கீழே இறங்கினால் கோக்சர். கோக்சருக்கே இறங்குங்கள். அங்கே டயரில் காற்றை நிரப்பி, வீல் நட்டுகளை ஒருமுறை முடுக்குங்கள், 50 கி.மீ. குலுக்கலில் ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும். சக்கரங்களுக்கு உட்புறம் சிக்கிய கற்களை எடுத்துவிடுங்கள், பிரேக் தட்டுக்கும் உறைக்கும் இடையே சிறுகல் மாட்டியிருந்தால் கிரீச்சென்று கத்தும். பிறகு 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கம் வழியாக மணாலி.

மணாலியில் டிஃப்ரன்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள கியர்ப்பெட்டி) ஆயிலைச் சரிபாருங்கள். சூடான டிஃப்ரன்ஷியல் பனிநீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். நிரப்பும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். ஆயில் தேநீர் நிறத்துக்கு வெளுத்திருந்தால் ஊர் போகும்வரை தள்ளிப்போடாமல் அங்கேயே மாற்றிவிடுங்கள்.